நாற்பத்தொன்றாவது ரேக்

புயல் அடித்து ஏழு வருடம் கழித்து, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மணக்கோடி தாலுகா ஆபீசின் பதிவறை எழுத்தர் இஞ்ஞாசி, பழைய பட்டா ஒன்றைத் தேடி எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரேக்குகளுக்கு நடுவே போனவர் திரும்பி வரவில்லை. அறுபதடி நீளமுள்ள அந்த அறைக்கு ஒரே வாசல், அந்த வாசலில் ஸ்டூல் போட்டு ஆபீஸ் ப்யூன் ஹமீது உட்கார்ந்திருந்தார். ஒரே சன்னல், அதில் பெருவிரல் தடிமனுக்குக் கம்பி. மதியம் வரை யாரும் கவலைப்படவில்லை, ஏனென்றால் அந்த அறையில் ஒரு காகிதத்தைத் தேடினால் மதியம் வரை ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சாயங்காலம் பூட்டுகிற நேரத்தில் ஹமீது உள்ளே போய் நாற்பத்தொரு ரேக்குகளுக்கு இடையிலும் நடந்து பார்த்துவிட்டு வந்து, ஆள் இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது என்றார்.

சத்தம் இருந்தது. தாள் புரளும் சத்தம், அவ்வப்போது தொண்டையைச் செருமுவது, பதினோரு மணி வாக்கில் தூசியில் அடுத்தடுத்து இரண்டு தும்மல். எல்லாம் இஞ்ஞாசியுடையவைதான். ஒரு ரேக்கின் பக்கம் போனால் அடுத்த ரேக்கில் கேட்டது, அங்கே போனால் எதிர்ப்பக்கம் கேட்டது. மூன்று நாள் தேடிவிட்டு நான்காம் நாள் தாசில்தார் வருகைப் பதிவேட்டைத் திறந்து வெகுநேரம் யோசித்தார். ஆபீஸ் நேரத்தில், ஆபீஸ் கட்டடத்துக்குள், வேலை செய்கிற சத்தம் கேட்கிற ஒருவரை வரவில்லை என்று எழுதுவது சரியாகாது என்று முடிவுசெய்து, இஞ்ஞாசியின் பெயருக்கு எதிரே வந்திருக்கிறார் என்று குறித்தார். அதற்குப் பின் வந்த ஏழு தாசில்தார்களும் அப்படியே குறித்தார்கள்.

ஊர் அதை மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது, ஒரு தெருவில் புதிதாக ஒரு கிணறு வெட்டினால் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொள்வது போல. ஹமீது தினமும் பதினோரு மணிக்கு இஞ்ஞாசியின் டீயைப் பதிவறை வாசலில் வைத்துக் கால்மணி நேரம் காத்திருந்து, "சார், ஆறுது, நான் எடுத்துக்கிறேன்" என்று அனுமதி கேட்டுக் குடித்தார். பங்குச் சாமியார் இறந்தோருக்கான பூசையிலும் அவர் பெயரை வாசிக்க முடியாமல், கடல்மேல் போனோருக்கான மன்றாட்டிலும் சேர்க்க முடியாமல், கடைசியில் உழைப்போருக்கான மன்றாட்டில் சேர்த்துவிட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் அவரை வீட்டில் எண்ணுவதா ஆபீசில் எண்ணுவதா என்று குழம்பி, இரண்டு இடத்திலும் போய் நின்று பார்த்துவிட்டு வீட்டிலேயே எண்ணினார். ஒருமுறை அவருக்குப் பக்கத்துத் தாலுகாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. நபர் காகிதக் கட்டுகளுக்கு இடையில் இருப்பதால் விடுவிக்க இயலவில்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள், மேலிடம் அதற்கு மறுகேள்வி கேட்கவில்லை. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பதிவறை சன்னலுக்கு வெளியே நின்று தாள் புரளும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள், கேட்டால் படித்தது மறக்காது என்று ஒரு பேச்சு இருந்தது.

அவருடைய மனைவி அமலோற்பவத்துக்கு அப்போது இருபத்துநாலு வயது, கல்யாணமாகிப் பதினோரு மாதம். முதல் ஒரு வாரம் அவள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். எட்டாம் நாள் தலைமை எழுத்தர் குருந்தமுத்து, எதையும் உடைத்துப் பேசுகிற மனுசன், அவள் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தாயி, உள்ள ஒழுங்கு இல்ல. புயல்ல நனைஞ்சதையெல்லாம் வெயில்ல காயவச்சு, கைக்கு வந்தபடி கட்டி அடுக்குனோம். அன்னையிலேருந்து எது எங்க இருக்குன்னு எவனுக்கும் தெரியாது. பேப்பர் தொலையுற இடத்துல மனுசன் தொலைஞ்சதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல."

"அப்ப ஒழுங்கு பண்ணுனா அவுக கிடைப்பாகளா?"

"பேப்பர் கிடைக்கும். அதுக்கு மேல நான் சொன்னா பொய்யாயிரும்."

அவள் பத்தாம் வகுப்பு முடித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தற்காலிகப் பணி என்று ஒரு உத்தரவு போட்டு அவளை உள்ளே உட்கார வைத்தார்கள். வாசலுக்குப் பக்கத்து ரேக்குக்கு ஒன்று என்று எண் போட்டு, அதன் முதல் தட்டில் முதல் கட்டின் சிவப்புத் துணியை அவிழ்த்து, மேலிருந்த தாளை எடுத்துப் படித்து, அதற்கு ஒரு அட்டை எழுதினாள்: யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன கேட்டார், காகிதம் எந்த ரேக்கில், எந்தத் தட்டில், எந்தக் கட்டில். பிறகு அடுத்த தாள். ஒரே ஆளைச் சர்க்கார் ஒரு பெயரிலும் ஊர் ஒரு பெயரிலும் கூப்பிட்டால் இரண்டு அட்டை எழுதினாள். ஒன்றில் விவரம், இன்னொன்றில் 'காண்க' என்று போட்டு முதல் அட்டையின் பெயர். தேடி வருகிறவர் எந்தப் பெயரோடு வந்தாலும் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது அவள் எண்ணம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. தான் எந்தப் பெயரைச் சொல்லித் தேடுவது என்று தெரியாமல் எட்டு நாள் வாசலில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தானாக வந்தது.

முதல் ரேக்கை முடிக்க ஐந்து மாதம் ஆனது. முடித்து, கடைசி அட்டையை இழுப்பறையில் செருகிய அன்று, அந்த ரேக்கிலிருந்து சத்தம் வருவது நின்றுபோனது. மற்ற நாற்பதிலிருந்தும் வந்தது. இரண்டாவதை முடித்ததும் அதுவும் அடங்கியது.

இதைப் பற்றி ஊரில் இரண்டு கட்சி உண்டானது. டீக்கடைப் பக்கத்து ஆட்கள், அவள் வலையை இழுத்துச் சுருக்குவது போல அவரைச் சுற்றி வளைக்கிறாள், கடைசி ரேக்கில் பிடித்துவிடுவாள் என்றார்கள். மாதா கோயில் பக்கத்து ஆட்கள், அவள் ஒழுங்குபண்ணப் பண்ண அந்த மனுசனுக்கு இருக்க இடம் குறைகிறது, கடைசி ரேக்கையும் அடுக்கிவிட்டால் சத்தம்கூட மிஞ்சாது என்றார்கள். இரண்டு கட்சியும் அவளிடமே வந்து கேட்டன. அவள் எழுதுவதை நிறுத்தாமல், "எனக்கும் அதுதான் தெரியல" என்றாள்.

வருடங்கள் போயின. அட்டைகள் நிறைந்து, இழுப்பறைகள் நிறைந்து, தேடி வருகிறவர்களுக்கு மதியம் வரை ஆன வேலை ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் முடிந்தது. வெறும் பிறந்த தேதிக்காக வந்த மீன்வண்டி டிரைவர் ஒருவன், தன்னைத் தகப்பன் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை என்று நாற்பது வருடம் நம்பியிருந்தவன், அந்தத் தகப்பன் இவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி மூன்று வருடம் மூன்று மனு எழுதியிருந்ததைப் பார்த்து, மூன்றையும் அங்கேயே நின்று படித்துவிட்டு, பிறந்த தேதியை வாங்க மறந்து போனான். கடல் கொண்டுபோன ஒரு தெருவின் ஆட்கள் தங்கள் தெருவின் பெயரை ஒரு குடிநீர் மனுவில் கண்டுபிடித்து, இப்போது குடியிருக்கிற இடத்துக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். இப்படி வந்தவர்களெல்லாம் தேடியது கிடைத்துப் போனார்கள், போகும்போது உள்ளே திரும்பி, "வாரோம் இஞ்ஞாசி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அமலோற்பவம் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

காலையில் வந்ததும் நாற்காலியில் உட்காராமல் கொஞ்ச நேரம் நின்று கேட்பாள். சத்தத்தை வைத்தே அவர் இப்போது பார்ப்பது மெல்லிய தாளா, கெட்டித் தாளா, மெழுகுத் துணியில் போட்ட நில வரைபடமா என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் தாள் நமத்துப்போய் மெதுவாகப் புரளும், அப்போது அவர் களைத்திருப்பதாக நினைத்துக்கொள்வாள். அவர் தும்மும்போது பேனாவைத் தூக்கிப் பிடித்து, இரண்டாவது தும்மலும் முடிந்த பிறகு எழுதுவாள். முகம் மறந்துகொண்டே வந்தது. பதினோரு மாதத்து முகம்தானே. கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது, அதில் அவர் கண்ணை மூடியிருந்தார்.

பதினேழாவது வருடத்தில் நாற்பதாவது ரேக் முடிந்தது. மிஞ்சியது சுவரோரத்துக் கடைசி ரேக் ஒன்று. சிதறிக் கிடந்த சத்தமெல்லாம் இப்போது அந்த ஒன்றிலிருந்து தெளிவாக வந்தது. அவள் அதைத் தொடவில்லை. மங்கிப்போன பழைய அட்டைகளைத் திரும்ப எழுதினாள், கிழிந்த துணிகளை மாற்றிக் கட்டினாள், நாற்காலியைக் கொண்டுபோய்க் கடைசி ரேக்குக்கு எதிரே போட்டுக்கொண்டாள். பணி முடியும் நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்கள் ஆய்வுக்கு வந்தவர்கள். அவசரப்படுத்த யாருக்கும் மனசு வரவில்லை. அப்படியே இரண்டு வருடம்.

அந்த இரண்டாவது வருடத்தின் ஒரு வியாழக்கிழமை முத்துராக்கு வந்தாள். உப்பளத்துக்குத் தெற்கே இருக்கிற குடியிருப்பில் பாத்தி மிதிக்கிறவள், அவள் கால்விரல் இடுக்குகளில் உப்பு வெடிப்பு வெள்ளையாகத் தெரியும். வந்து இழுப்பறை மேசைக்கு முன்னால் நின்று, தங்கள் குடியிருப்பு முப்பத்தெட்டு வீட்டையும் உப்பளக் கம்பெனிக்காரன் தன் நிலம் என்கிறான், திங்கள்கிழமை கோர்ட்டில் தீர்ப்பு, புயலுக்கு மறுவருடம் சர்க்கார் கொடுத்த மனை உத்தரவைக் கொண்டுவந்தால் நிற்கலாம் என்று வக்கீல் சொல்கிறார், தங்களிடமிருந்த நகலைக் கரையான் தின்றுவிட்டது என்றாள்.

அமலோற்பவம் இழுப்பறைகளைத் திறந்து, குடியிருப்பின் பெயரில் பார்த்தாள், உப்பளத்தின் பெயரில் பார்த்தாள், வருடத்தில் பார்த்தாள். நாற்பது ரேக்கிலும் இல்லை.

"இங்க இல்லைன்னா அந்த ஒண்ணுலதான் இருக்கணும்" என்றாள்.

முத்துராக்கு கடைசி ரேக்கைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு தாள் புரண்டது.

"எங்களுக்குத் தெரியும்க்கா. எம்பொண்ணுகூட பரீட்சைக்கு இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் போனா. நேத்து எங்காளுக பேசும்போது, இதைப் போயி அந்தக்காகிட்டக் கேக்குறது பாவம்னு ரெண்டு பேர் சொன்னாக. நான்தான் கேட்டுப் பாப்போம்னு வந்தேன்." அவள் முந்தானையை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "முடியாதுன்னாலும் உங்க மேல வருத்தமில்ல."

"முப்பத்தெட்டு வீட்டுல எத்தனை பேரு?"

"நூத்தி எழுபது இருக்கும். என் மருமக மாசமா இருக்கா, அதையும் சேத்து."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வா" என்றாள் அமலோற்பவம்.

முத்துராக்கு போன பிறகு அமலோற்பவம் நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, ரேக்கின் பக்கம் போய், மேல்தட்டில் உள்ளங்கையை வைத்து, "என்னங்க, பிரிக்கப் போறேன்" என்றாள். தாள் புரள்வது ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

முதல் கட்டை அவிழ்த்தபோது, மேல்தாளில் கருவேல முள்ளால் குத்திய ஒரு சிறு சீட்டு இருந்தது. பழைய உறையின் ஓரத்தைக் கிழித்து எழுதியது. யார், எந்த ஊர், எந்த வருடம், என்ன கேட்டார். இடது பக்கமாகச் சாயும் எழுத்து. அடுத்த தாளிலும் சீட்டு, அதற்கடுத்ததிலும். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்கிப் பத்தொன்பது வருடமாகச் செய்த அதே வேலையை, அவர் அந்தப் பக்கத்திலிருந்து செய்திருக்கிறார். நாள் முழுக்க அவர் காகிதத்தைப் புரட்டியது அதற்குத்தான்.

அவள் ஒவ்வொரு கட்டாக இறக்க இறக்க, சத்தம் தட்டுத் தட்டாகக் கீழே இறங்கியது. ஞாயிறு காலை பூசைக்கு மணி அடிக்கும்போது கீழ்த்தட்டில் ஒரே ஒரு கட்டு மிஞ்சியிருந்தது, சத்தம் அதற்குள் இருந்தது. தொட்டபோது துணி லேசாகத் துடித்தது, கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் துடிக்குமே, அப்படி. அதை மடியில் வைத்துக்கொண்டு மணி அடித்து முடியும் வரை இருந்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள். மேலேயே இருந்தது உப்பளத் தெற்குக் குடியிருப்பு, முப்பத்தெட்டு மனைக்கான உத்தரவு. சீட்டில் மை இன்னும் காயவில்லை.

அறை அமைதியாகிவிட்டது.

திங்கள்கிழமை அந்த உத்தரவைப் பார்த்து நீதிபதி வீடுகள் இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்றார். முத்துராக்குவும் ஊராட்களும் கோர்ட்டிலிருந்து நேரே பதிவறைக்கு வந்து, உள்ளே நுழையாமல், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். பதினோரு மணிக்கு ஹமீது டீ வைத்தார், ஆறிய பிறகும் எடுக்கவில்லை. தாசில்தார் பேனாவைத் திறந்து இஞ்ஞாசியின் பெயருக்கு எதிரே பிடித்து, ஒன்றும் எழுதாமல் மூடினார். டீக்கடைக் கட்சியும் மாதா கோயில் கட்சியும் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டன.

அமலோற்பவம் வேலைக்கு வந்தாள். வேறென்ன செய்வது. அவருடைய சீட்டுகளைத் தன் அட்டைகளோடு சேர்க்க வேண்டியிருந்தது. ஹமீது முதல் எழுத்தை மட்டும் பார்த்துச் சீட்டுகளைக் குவியல் குவியலாகப் பிரித்துக் கொடுத்தார். இருபத்திரண்டாம் நாள் அவள் 'அ' குவியலை எடுத்து ஒவ்வொன்றாக இழுப்பறையில் செருகிக்கொண்டு வந்தபோது, அப்துல் லத்தீபுக்கும் அய்யாக்கண்ணுவுக்கும் நடுவில், ஊரோ வருடமோ இல்லாத ஒரு சீட்டு வந்தது.

அமலம். காண்க: இஞ்ஞாசி.

அவளை அமலம் என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான், அதுவும் பதினோரு மாதம். பத்தொன்பது வருடத்தில் அவள் லட்சம் பேருக்கு அட்டை எழுதியிருந்தாள், தனக்கும் எழுதவில்லை, அவருக்கும் எழுதவில்லை. காகிதத்துக்குத்தான் அட்டை என்று நினைத்திருந்தாள். எழுந்து போய் 'இ' குவியலைக் கலைத்துத் தேடினாள். இருந்தது.

இஞ்ஞாசி. மணக்கோடி. பதிவறை எழுத்தர். நாற்பதாவது ரேக்குக்கும் நாற்பத்தொன்றாவது ரேக்குக்கும் இடையில்.

ரேக்குக்கு எண் போட்டிருந்தாள், தட்டுக்குப் போட்டிருந்தாள், கட்டுக்குப் போட்டிருந்தாள். இடைவெளிக்கு எண் போட அவளுக்குத் தோன்றியதில்லை. அவள் அடுக்கிய கடைசி ரேக்குக்கும் அவர் அடுக்கிய ரேக்குக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் அளவுக்குத்தான் இடம், இரண்டு வருடம் அவள் நாற்காலி போட்டிருந்த இடத்திலிருந்து நாலு அடி. சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். அங்கே அவர் நின்றிருந்தார். தலை நரைத்து, சட்டை தூசி நிறத்தில், பழைய பட்டா ஒன்று கையில். கண் திறந்திருந்தது.

"அமலம்தானா?" என்றார்.

"ஆமா."

"வயசாயிருச்சு உனக்கு."

"உங்களுக்கும்தான்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஒவ்வொரு ரேக்கா நீ நெருங்கி வர்றது கேட்டுச்சு. நானும் என்னால ஆனதைச் செஞ்சேன்."

"ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல."

"குடுத்தேன். தாள் சத்தமாத்தான் வந்துச்சு."

அவள் கையை நீட்டினாள். வெளிச்சத்தில் அவர் கண் கூசியதால் அவள் முன்னால் நடக்க, அவர் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் வந்தார். நாற்பது ரேக்கையும் கடந்து வாசலுக்கு வந்தபோது ஹமீது ஸ்டூலிலிருந்து எழுந்து, முழுதாகப் பார்த்துவிட்டு, "சார், டீ சொல்லவா?" என்றார். தாசில்தார் வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன மூன்று வாரத்தையும் நிரப்பினார். பட்டா கேட்டவர் இறந்து பத்து வருடமாகிவிட்டதால் அவர் மகளை வரவழைத்துக் கொடுத்தார்கள், அவள் தாமதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிப்போனாள். அந்த ஞாயிறு பங்குச் சாமியார் எந்த மன்றாட்டிலும் அவர் பெயரை வாசிக்கவில்லை. இஞ்ஞாசி மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது.

வீட்டில்தான் இருவரும் ஒருவருக்கொருவர் புது ஆளாக இருந்தார்கள். அவர் குளிக்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போனார், அவள் சோறு போடும்போது போதுமா என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். நாலைந்து நாள் கழித்து, காலைச் சாப்பாடு முடிந்து அவள் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, அவர் எதிரே வந்து உட்கார்ந்து, தான் இல்லாத வருடங்களைச் சொல்லச் சொன்னார். அவள் முதல் வருடத்திலிருந்து ஆரம்பித்தாள். யார் செத்தது, யாருக்குக் கல்யாணம் ஆனது, எந்தப் படகு திரும்பவில்லை, எந்தத் தெருவுக்குக் கரண்டு வந்தது என்று தினமும் காலையில் கொஞ்சம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். குருந்தமுத்து செத்த வருடத்தைச் சொன்னபோது மட்டும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

"அதுக்கு அடுத்த வருசம்?"

"அது பதினொண்ணாவது வருசம். அதுல ஒண்ணும் நடக்கல. விட்டுட்டு அடுத்ததைச் சொல்றேன்."

"இல்ல. அதையும் சொல்லு."

"ஒண்ணுமே நடக்கலங்க. வேலைக்குப் போனேன், வந்தேன். அவ்வளவுதான்."

"அதைத்தான் கேக்குறேன்."

அவள் கீரையை முறத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். அவர் காத்திருந்தார்.

"அந்த வருசம் தை மாசத்துல ஒருநாள் மழை பேஞ்சுச்சு" என்று ஆரம்பித்தாள்.